பதினோரு வீட்டுக்கு ஒரு ரப்பர் வளையம்

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணி இருக்கும். நாச்சியாபுரத்து வீட்டின் கொல்லையில், துணி துவைக்கிற கல்லின் மேல் ஒரு ரப்பர் ஷீட்டை விரித்துப் போட்டு, மலையாண்டி கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். ஷீட் நகராமல் மகள் அனுசுயா இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தாள்.

"ஏத்தா, விரலை அங்குட்டுத் தள்ளி வை. நாளைக்குக் கம்பெனியில விரல் எங்கேன்னு கேப்பாக."

"மொதல்ல எந்த அளவுன்னு முடிவு பண்ணுங்கப்பா."

தகராறே அதில்தான். வெட்ட வேண்டியது ஒரு வளையம். இரண்டு இரும்புக் குழாய்கள் சேரும் இடத்தில், தண்ணீர் ஒழுகாமல் இருக்க நடுவில் வைப்பது. அந்தக் குழாய் இருந்தது இமயமலையில், பதினோரே வீடுள்ள ஒரு கிராமத்தில். அக்டோபரில் அங்கே போயிருந்தபோது மலையாண்டி தன் அரைஞாண் கயிற்றை அவிழ்த்து அதை அளந்திருந்தார். வெளிவட்டத்துக்கு ஒரு முடிச்சு, உள்வட்டத்துக்கு ஒரு முடிச்சு. அனுசுயா குழாயின் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துப் படம் எடுத்திருந்தாள். நாணயத்தின் அளவு தெரியும். அதிலிருந்து குழாயின் அளவைக் கணக்கிட்டுவிடலாம். வெளிவட்டத்துக்குக் கயிறு நூற்று நாற்பத்தெட்டு மில்லிமீட்டர் என்றது. படம் நூற்று நாற்பத்திரண்டு என்றது.

"ஈரக் கயிறுப்பா. காஞ்சதும் அளவு மாறியிருக்கும்."

"தெனம் ரெண்டு வேளை குளிச்சுக் காஞ்ச கயிறு இது. மாற வேண்டியதெல்லாம் எப்பவோ மாறிருச்சு."

சமையலறை ஜன்னலிலிருந்து அம்மா யோகலட்சுமியின் குரல் வந்தது. "அளந்து முடிஞ்சா அதை இடுப்புல கட்டச் சொல்லு. ரெண்டு மாசமா வெறும் இடுப்போட திரியிறாக."

கடைசியில் இரண்டு வளையம் வெட்டினார். ஒன்று கயிற்றின் அளவு, ஒன்று படத்தின் அளவு. "ரெண்டையும் அனுப்புவோம். எது ஒக்காருதோ அது." பேனாவை எடுத்து ஒன்றில் 'அப்பா' என்றும் மற்றதில் 'மக' என்றும் எழுதினார்.

அனுசுயா அன்றே பெங்களூருக்குக் கிளம்பிவிட்டாள். புதன்கிழமை காலை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்த மலையாண்டி எழுந்திருக்கவில்லை. நெஞ்சு. வயது அறுபத்தொன்று.

முப்பத்தொரு வருடம் அவர் ஊராட்சியின் டேங்க் ஆபரேட்டர். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை மோட்டாரைப் போட்டுத் தொட்டியை நிரப்பி, தெருத் தெருவாக வால்வைத் திறந்து விட வேண்டும். பொங்கலுக்கு வெளியூர் போனாலும் மாலைக்குள் திரும்பிவிடுவார். தை மாதம் பழனிக்கு நடந்து போகிறவர்கள் கூட்டம் கூட்டமாக அந்த வழியே வருவார்கள். டேங்குக்குக் கீழே அடுப்பு மூட்டி அவர்களுக்குச் சுக்குமல்லிக் காபி போட்டுக் கொடுப்பார். கால் வீங்கி வருகிறவர்களை உட்கார வைத்து, பாதத்தைத் தன் மடியில் தூக்கி வைத்துத் தைலம் தேய்த்துவிடுவார்.

"பேரை மட்டும் மலையாண்டின்னு வச்சுக்கிட்டு, ஒரு தடவகூடப் பழனிக்கு நடக்கலையே அண்ணே?" என்று சீண்டுவார்கள்.

"நான் நடந்துட்டா நீங்க வந்து வால்வு தொறப்பீகளா?"

போன வருடம் ஓய்வு பெற்றார். எங்கே போக வேண்டும் என்று அனுசுயா கேட்டபோது, தண்ணீர் தானாகவே மேலேயிருந்து வருகிற ஊரைப் பார்க்க வேண்டும் என்றார். மோட்டார் இல்லாமல். அவள் மருத்துவக் கருவிகள் காட்டும் அளவு சரியா என்று சோதிக்கிற வேலையில் இருப்பவள். கணக்குப் பார்த்து உத்தராகண்டில் ஆறு நாள் மலைநடைக்கு இரண்டு பேர் பெயரையும் பதிந்தாள். அப்பாவை டாக்டரிடம் காட்டி, போகலாம் என்று எழுதி வாங்கிக்கொண்டாள்.

சாலை முடியும் இடத்தில் வழிகாட்டி குந்தன் சிங் காத்திருந்தான். முப்பது வயதுக்காரன். அவனுக்குத் தமிழ் தெரியாது, மலையாண்டிக்கு இந்தி தெரியாது. இரண்டும் தெரிந்தவள் அனுசுயா மட்டும்தான். ஆனாலும் முதல் நாள் முழுக்க இருவரும் பேசிக்கொண்டே நடந்தார்கள். "தம்பி, இந்த வாய்க்கால் எங்கேயிருந்து வருது?" என்று இவர் கையை நீட்டுவார், அவன் ஒரு சிகரத்தைக் காட்டுவான். இவர் நின்று, அந்தச் சரிவை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, "பிரஷர் எக்கச்சக்கமா இருக்குமே" என்பார்.

எட்டுப் பேர் குழுவில் எப்போதும் கடைசியில் வந்தார். கால் முடியாமல் இல்லை. யாராவது பின்தங்கினால் தனியே விடக் கூடாதாம். சாப்பாட்டு நேரத்தில் அவரை உட்கார வைப்பதுதான் பெரும்பாடு. ஒவ்வொரு கிராமத்திலும் ஏதாவது ஒரு வீட்டில் ரொட்டியும் ராஜ்மாவும் கொடுத்தார்கள். இவர் எழுந்து வாளியைப் பிடுங்கிப் பரிமாறப் போவார். இரண்டாம் நாள் ஒரு வீட்டம்மா கரண்டியை ஓங்கிக்கொண்டு கத்தினாள்.

"என்னத்தா சொல்லுது?"

"விருந்தாளியா வந்தா விருந்தாளி மாதிரி உக்காரணுமாம். இல்லாட்டி அடிப்பாகளாம்."

"எங்க ஊருக்காரி மாதிரியே இருக்கா" என்று சொல்லி உட்கார்ந்தார். தட்டில் போட்டதை எல்லோருக்கும் முன்பாகவே சாப்பிட்டு முடித்துவிட்டு, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் இருந்தார்.

மூன்றாம் நாள் மதியம் அவருக்குத் தலைவலி வந்தது. சொல்லவில்லை. மேல் முகாமை அடைந்ததும் பையை இறக்கப் போனவர் அதைப் பிடித்தபடியே மண்டியிட்டார். குந்தன் சிங் அவர் விரலில் ரத்தத்தின் ஆக்சிஜனை அளக்கும் கருவியை மாட்டினான். எழுபத்தெட்டு. இந்தக் கருவியையே தினமும் சோதிக்கிறவள் அனுசுயா. எண் தப்பாக இருக்கட்டும் என்று வேறு விரலில் மாட்டினாள். எழுபத்தெட்டு.

"கீழே இறங்கணும். இப்பவே" என்றான் குந்தன் சிங்.

மறுநாள் கணவாயைக் கடப்பதாக இருந்தது. ஆறு மாதமாக அவள் படம் பார்த்துக்கொண்டிருந்த கணவாய் அது. "நீ போத்தா, நான் இவனோட எறங்கிக்கிறேன்" என்றார் மலையாண்டி. அவள் தன் பையை மாட்டிக்கொண்டாள். மற்றவர்கள் துணை வழிகாட்டியோடு மேலே போக, இவர்கள் மூவரும் இறங்கினார்கள். பாதி வழியில் அவரால் நடக்க முடியவில்லை. குந்தன் சிங் போட்ட கூச்சலைக் கேட்டுக் கீழேயிருந்து இரண்டு பேர் கோவேறு கழுதையோடு ஏறி வந்தார்கள். பதினோரு வீடுள்ள அந்தக் கிராமத்தில், அவர்களில் ஒருவரின் வீட்டுக்குத்தான் கொண்டுபோனார்கள். அவர் மனைவி விமலா தேவி தன் கட்டிலைக் கொடுத்துவிட்டு அடுப்புப் பக்கம் பாயைப் போட்டுக்கொண்டாள்.

அதோடு விடவில்லை. கடுகெண்ணெயில் பூண்டைத் தட்டிப் போட்டுக் காய்ச்சி எடுத்துவந்து, அவர் காலுறையைக் கழற்றி, பாதத்தைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

மலையாண்டி காலை இழுத்துக்கொண்டார். "அய்யய்யோ, என்னம்மா செய்றீக? அனு, சொல்லுத்தா. நான் எந்தக் கோயிலுக்கும் நடந்து வந்தவனில்லைன்னு சொல்லு. சும்மா ஊர் பாக்க வந்தவன்."

அனுசுயா சொன்னாள். விமலா தேவி காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. காலை மறுபடி இழுத்து வைத்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்தாள்.

"என்னவாம்?"

"கால் சில்லுனு இருக்காம். ஆட்டாம இருக்கணுமாம்."

அவர் ஆட்டவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். கண்ணோரத்தில் வழிந்ததைத் துடைக்கவும் இல்லை. அனுசுயா அடுப்பில் விறகைச் சரிசெய்வது போலத் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் எண் தொண்ணூறைத் தொட்டது. கஞ்சி குடித்தார். பெண்கள் குடத்தோடு சரிவில் இறங்கிப் போவதைப் பார்த்ததும் செருப்பைத் தேடினார். மேலே ஊற்று இருக்கிறது, குழாய் இருக்கிறது, பிறகேன் கீழே போகிறார்கள்? குந்தன் சிங் கூட்டிப்போய்க் காட்டினான். நாலு போல்ட் போட்ட இணைப்பில் ரப்பர் நைந்து போயிருந்தது. தண்ணீர் பாதி அங்கேயே பீய்ச்சிக்கொண்டிருந்தது. மழைக்காலம் முடிந்ததிலிருந்து இப்படித்தானாம்.

சொன்னபடி கேட்கிற நோயாளி இல்லை அவர். கழுதையில் சுமை கட்டுகிற பழைய டியூபை வாங்கி, வட்டமாக வெட்டி, இரண்டு மடிப்பாக வைத்து, உட்கார்ந்தபடியே போல்ட்டை முடுக்கினார். ஒரு போல்ட்டில் மரை போயிருந்தது, கம்பியால் கட்டினார். ஊருக்குள்ளே தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் பெண்கள் கூச்சல் போட்டார்கள். முப்பத்தொரு வருடம் வால்வு திறந்த ஊரில் யாரும் அப்படிக் கூச்சல் போட்டதில்லை.

"இது தாங்காது தம்பி. அடுத்த மழை வரைக்கும்தான். அளவெடுத்துட்டுப் போறேன், நல்ல ரப்பர் அனுப்புறேன்" என்றார். கயிற்றை அவிழ்த்தது அப்போதுதான்.

கிளம்பும்போது விமலா தேவி டீ கொடுத்தாள். குடித்துவிட்டு, "டீ நல்லாத்தான் இருக்கு. இந்தக் குளுருக்குச் சுக்குமல்லி போட்டுக் குடிக்கணும். என் கையால அரைச்சு அனுப்புறேன்னு சொல்லு" என்றார். அவள் தலையை ஆட்டி, எப்போது என்று கேட்டாள். அதையும் அனுசுயா மொழிபெயர்த்தாள். "வர்ற தைக்குள்ள" என்றார் மலையாண்டி.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அனுசுயா டாக்டரைப் பார்த்தாள். மலைக்குப் போனதால்தானா என்று கேட்டாள். இல்லை என்றார். திரும்பி வந்த பிறகு எடுத்த பரிசோதனைத் தாளையும் காட்டினார். அவள் எண்களை ஒரு முறை வாசித்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டாள். அன்று எழுபத்தெட்டுக்குப் பதிலாக எண்பத்தைந்து காட்டியிருந்தால் கணவாயைக் கடந்திருப்பார்கள். அந்த வீட்டுக்குப் போயிருக்க மாட்டார்கள். அப்பாவின் காலை மடியில் வைத்து ஒருத்தி எண்ணெய் தேய்த்ததை அவள் பார்த்திருக்க மாட்டாள். அந்த எண்ணுக்கு அவள் நன்றி சொன்னாள். எண்ணுக்கு நன்றி சொல்வது அவளுக்கு அதுவே முதல் தடவை.

வீட்டுக்கு வந்ததும் குந்தன் சிங்கைக் கூப்பிட்டாள். விஷயத்தைச் சொன்னாள். பாபுஜியா என்று அவன் இரண்டு தடவை கேட்டான்.

"பனி விழறதுக்கு முன்னாடி ஒரு தடவை மேலே போயிருந்தேன், தீதி. டேப் வச்சு அளந்தேன். நூத்து நாப்பத்தெட்டு. பாபுஜிகிட்ட சொல்லணும்னு இருந்தேன்."

கயிறுதான் சரி. அவள் நாணயத்தை வைத்தது குழாயின் மேல்முதுகில். வளையம் உட்கார வேண்டிய முகம் அதற்குக் கொஞ்சம் பின்னால் இருந்தது. தள்ளியிருப்பது படத்தில் சிறிதாகத் தெரியும். கல்லூரியில் முதல் வருடம் படித்தது.

"பனி உருகினதும் நானே மாட்டிடறேன். விமலா தீதி மசாலாவைத்தான் கேட்டுக்கிட்டே இருந்தாங்க. அது வந்துடுமா?"

"வந்துரும்" என்றாள்.

மலைக்குக் கொண்டுபோன பையில் எல்லாம் எடுத்து வைத்திருந்தார். இரண்டு வளையம், நாலு போல்ட், ஒழுக்கை அடைக்கிற டேப், குந்தன் சிங்கின் முகவரி. கூடவே ஒரு துண்டுச் சீட்டு. வளையம் 2, டிக். போல்ட் நட்டு 4, டிக். டேப் 1, டிக். கடைசி வரி: விமலாவுக்குச் சுக்குமல்லிப் பொடி, அரைக் கிலோ. அதற்கு நேரே ஒன்றும் இல்லை.

"அம்மா, ஒரு பங்கு சுக்குக்கு மல்லி எத்தனை பங்கு?"

யோகலட்சுமி அரைஞாண் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு முடிச்சும் அப்படியே இருந்தன. "யாருக்குத் தெரியும்? அடுப்படியில என்னைக் கிட்டக்கூட விடமாட்டாக. மோந்து பாத்துப் பாத்துப் போடுவாக."

அனுசுயா சீட்டைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, காரைக்குடி சந்தைக்குப் போக வண்டிச் சாவியை எடுத்தாள்.