மஞ்சள் தாளில் ஒரு மன்னிப்பு

என் வீட்டுக்காரர் அமைச்சருக்குப் பதில் எழுதுகிறவர். சட்டசபையில் யாராவது கேள்வி கேட்டால் அமைச்சர் எழுந்து வாசிக்கிறாரே, அதைத் தட்டச்சு செய்து கோப்பில் வைப்பது இவர் வேலை. இருபத்தாறு வருடமாக இவர் எழுதியதெல்லாம் ஒரே பதில்தான்: பரிசீலனையில் உள்ளது. அலுவலகத்தில் இவருக்குப் பெயரே 'பரிசீலனை'.

எங்கள் தெருக்குழாய் வறண்டு மூன்று வருடமாகிவிட்டது. பக்கத்துத் தெருவில் பிடித்து மூன்றாவது மாடிக்கு வாளி வாளியாகத் தூக்கியது நான். முதுகு விட்டுப்போனது எனக்கு. இந்த மனிதர் பேப்பரை விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டா என்னங்க?"

"அமைச்சரே கையெழுத்துப் போட்டு மூடின குழாய். அவரை யாரு கேக்குறது?"

கேட்க ஓர் எதிர்க்கட்சி உறுப்பினர் வந்தார். சபையில் கேள்வி போட்டுவிட்டார்.

இவர்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. சபையில் வாசிக்க வேண்டிய பதில் வெள்ளைத் தாளில் இருக்கும். அமைச்சர் மனதோடு வைத்துக்கொள்ள வேண்டிய உண்மை மஞ்சள் தாளில் இருக்கும். அமைச்சர் எதையும் முன்கூட்டிப் படிக்கிற ரகமில்லை. வெள்ளையை வாசிப்பார், மஞ்சளைத் தாண்டுவார். அந்த வாரம் வெள்ளைத் தாள் தீர்ந்துவிட்டது. வாங்குவதற்கான கோப்பு இரண்டு மாதமாக அமைச்சர் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. இவர் இரண்டையும் மஞ்சளில் அடித்து வைத்துவிட்டார். உண்மை மேலே இருந்தது.

நான் டிவியில் பார்த்துக்கொண்டிருந்தேன். "குழாயை மூடச் சொன்னது நான்தான். அந்தத் தண்ணீர் என் வீட்டு நீரூற்றுக்குப் போகிறது. இதைச் சபையில் சொல்ல வேண்டாம்" என்று அமைச்சர் நிறுத்தி நிதானமாக வாசித்துவிட்டு உட்கார்ந்தார். சபை கொல்லென்று சிரித்தது.

சாயங்காலம் இவர் பேயறைந்த முகத்தோடு வந்தார்.

"அமைச்சர் செயலாளரைக் கேட்டாரு. செயலாளர் பிரிவுத் தலைவரைக் கேட்டாரு. அவரு என்னைக் கேட்டாரு. எனக்குக் கீழ யாருமே இல்லயே. நாளைக்கு விளக்கம் குடுக்கணும். வேலை போயிடும்."

"மூடினது அவரு, வாசிச்சது அவரு. விளக்கம் நீங்களா?"

"எழுதுறதுதானே என் வேலை" என்றார். அழுகையும் ஆத்திரமுமாக வந்தது எனக்கு. ஓய்வு பெற இரண்டு வருடம்தான் இருந்தது.

மறுநாள் காலை இரண்டு தாள் அடித்தார். ஒன்று, அமைச்சருக்கு இவர் எழுதிய மன்னிப்புக் கடிதம். இன்னொன்று, அமைச்சர் சபையில் வாசிக்க வேண்டிய மழுப்பல். வெள்ளைத் தாள் அப்போதும் வந்திருக்கவில்லை. ஒரே கோப்பில் இரண்டும் போயின, கடிதம் மேலே இருந்தது.

அமைச்சர் எழுந்தார். "தவறு முழுவதும் என்னுடையது. யார் மீதும் பழி போட விரும்பவில்லை. எந்தத் தண்டனையையும் ஏற்றுக்கொள்கிறேன்."

முதலில் ஒருவர் மேசையைத் தட்டினார். எதிர்க்கட்சி உட்பட எல்லோரும் தட்டினார்கள். ஓர் அமைச்சர் பொறுப்பேற்று அவர்கள் யாரும் பார்த்ததில்லை. அந்தத் தட்டலில் குளிர்ந்துபோன மனிதர் தொடர்ந்து வாசித்தார்.

"என் மனைவி மூன்று வருடமாக மூன்றாவது மாடிக்குத் தண்ணீர் தூக்குகிறாள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் அவள் நின்று மூச்சு வாங்குவது எனக்குக் கேட்கும். கேட்காததுபோல் உட்கார்ந்திருப்பேன். அந்த வெட்கம் என்னோடுதான் போகும்."

தண்டனையை ஏற்கிறேன் என்று ஊரறியச் சொன்னவர் பின்வாங்க முடியுமா? மாலையே ராஜினாமா. மூன்றாவது மாடியைப் படம் பிடிக்க நிருபர்கள் அவர் வீட்டுக்கு ஓடினார்கள். அங்கே மாடியே கிடையாது. பொறுப்புக்கு ஆள் கிடைத்துவிட்டதால் இவரை யாரும் தேடவில்லை. வேலை தப்பியது. இருட்டுவதற்குள் தெருக்குழாயும் திறந்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. டிவி முன்னால் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதேன். இத்தனை நாளும் இவர் காது செவிடு என்றல்லவா நினைத்திருந்தேன்.

வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. என் முகத்தைப் பார்க்காமல் வாளியை எடுத்தார்.

"எத்தனை நடை தூக்குவே?"

"பத்து" என்றேன்.

வாளியோடு இறங்கிப் போனார். இரண்டாவது மாடித் திருப்பத்தில் அவர் நின்று மூச்சு வாங்கியது எனக்குக் கேட்டது. அப்போது வாளி காலியாகத்தான் இருந்தது.