தட்டிக்கு அந்தப் பக்கம்

எழுபதுகளில் ஒரகடம் பக்கத்து ஊர்ப் பள்ளி ஒன்றில் ஐந்தாம் வகுப்பு ஆ பிரிவு என்னுடையது. அ பிரிவு, வாலாஜாபாத்திலிருந்து பஸ்ஸில் வரும் புது டீச்சருடையது. நடுவில் ஓர் ஓலைத் தட்டி. பெற்ற பிள்ளைக்குத் தானே பாடம் எடுக்கக் கூடாது என்பது எங்கள் தலைமையாசிரியரின் சட்டம். அதனால் என் மகள் தட்டிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள்.

பயனிலை என்றால் நான் சூத்திரம் மாதிரி ஒப்பிக்க வைப்பேன். கையில் பிரம்பும் இருக்கும். அந்த டீச்சரோ வாக்கியத்தைப் பாதியில் நிறுத்திவிடுவாள். "நேத்து வல்லக்கோட்டை கோயில்ல எங்க மாமா வழுக்கி..." அவ்வளவுதான், பிள்ளைகள் மொத்தமும் "வுழுந்தாரு!" என்று கத்தும். "அதாண்டா பயனிலை" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருநாள் என் வகுப்புப் பிள்ளைகளே தட்டி வழியாகக் கேட்டு "வுழுந்தாரு" என்றார்கள். இரண்டு பேரை விளாசிவிட்டேன்.

"இது பள்ளிக்கூடமா, கூத்து மேடையா சார்?" என்று தலைமையாசிரியரிடம் போய் நின்றேன். "புள்ளைங்க கத்துக்கினா செரிதாம்மா" என்றுவிட்டுப் பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

வீட்டில் இன்னும் மோசம். "எங்க டீச்சர் இன்னிக்கி இன்னா சொன்னாங்க தெரியுமாம்மா?" என்று மகள் ஆரம்பிப்பாள். எங்க டீச்சராம்! அப்போது நான் யார்? பொறாமைதான். அதை மறைக்கவும் எனக்குத் தெரியவில்லை, அவளைத்தான் அதட்டினேன்.

அரையாண்டுத் தேர்வில் ஒருவர் பிரிவுத் தாளை இன்னொருவர் திருத்துவது எங்கள் வழக்கம். அ பிரிவுக் கட்டு கைக்கு வந்ததும், தப்பு தேடத்தான் சிவப்புப் பேனாவைத் திறந்தேன். கூத்தடித்தால் இலக்கணம் வராது என்று காட்டிவிட வேண்டும். ஒரு தாள், இரண்டு தாள், பத்துத் தாள். பயனிலையில் ஒருவரும் கோட்டை விடவில்லை.

அடுத்தது என் மகளுடையது. 'சொந்தமாக நான்கு வாக்கியங்கள் எழுதிப் பயனிலையை அடிக்கோடிடுக.' கேள்வியைப் போட்டதே நான்தான். அவள் எழுதியிருந்தது:

எங்கள் டீச்சர் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். தட்டிக்கு அந்தப் பக்கம் அம்மா பிள்ளைகளை அடித்தாள். நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

நான்கு கோடுகளும் சரியான இடத்தில் இருந்தன. எங்காவது ஒரு பிழை கிடைக்காதா என்று திரும்பப் படித்தேன். கிடைக்கவில்லை.

எதிர் நாற்காலியில் என் பிரிவுத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்த அந்த டீச்சர் தலையைத் தூக்கினாள். "உங்க பொண்ணு எப்படிக்கா எழுதிகீறா?"

சிவப்புப் பேனாவால் முழு மார்க்கையும் போட்டுவிட்டுத்தான் நிமிர்ந்தேன். 'நாலும் சரி' என்றேன்.