மினுக்கிய பின்பலகை

ஹெக்டர் அலுமாரி செய்கிறவர். முப்பத்தொரு வருடங்களில் மட்டக்களப்பு நகருக்குள் அவர் செய்துகொடுத்தவை இருநூற்றுப் பதினான்கு. சுவரைப் பார்த்து நிற்கும் முதுகுப்பலகையைக்கூட வழுவழுவென்று இழைத்து, லின்சீட் எண்ணெய் தேய்த்துத்தான் கொடுப்பார். சுனாமிக்குப் பிறகு அலுமாரி கேட்க ஆளில்லை; எல்லாருக்கும் வள்ளம் வேண்டியிருந்தது. ஆகவே வாவிக்கரையில் அழகரத்தினம் நடத்திய பைபர் வள்ளப் பட்டறையில் சேர்ந்தார்.

வள்ளத்தின் உடல் முழுக்கப் பைபர். எஞ்சின் பூட்டும் பின்பலகைக்குள் மட்டும் பிளைவூட் வைத்து, அதன்மேல் பைபரை விரித்து றெசினால் ஒட்டிப் போர்த்துவார்கள். அந்தப் பிளைவூட் ஹெக்டரின் பொறுப்பு.

2005 செப்டெம்பர் 12, திங்கட்கிழமை. முதல் வள்ளத்துக்கு உரியவரான நல்லரத்தினம் பார்க்க வந்தார். அவருடைய பழைய வள்ளத்தைக் கடல் கொண்டுபோய் எட்டு மாதமும் பதினேழு நாளும் ஆகியிருந்தன. பின்பலகையை விரலால் தட்டினார். வெறும் தகரப்பேணிபோல் சத்தம் வந்தது.

"ஹெக்டர் அண்ணன், உள்ளுக்கு ஆரும் குடியிருக்காங்களா?"

ஹெக்டர் ரோசத்தோடு விளிம்பில் உளி நுனியை வைத்தார். பைபர் தோசைபோல் எழும்பி வந்தது. உள்ளே பிளைவூட் கண்ணாடியாக மினுங்கியது.

"எண்ணெய் பூசினீங்களா?" என்றார் அழகரத்தினம்.

"ரெண்டு தரம்தான், தம்பி."

"பலகை காஞ்சு சொரசொரப்பா இருந்தாத்தானே றெசின் பிடிக்கும். இதை ஆருக்குக் காட்ட மினுக்கினீங்க, மீனுக்கா?"

நல்லரத்தினம் சிரிக்கவில்லை. "நடுக்கடலில எஞ்சின் கழண்டு விழுந்தா நான் எப்பிடிக் கரைக்கு வாறது?"

ஹெக்டர் புதிய பிளைவூட் வெட்டினார். முரட்டு சாண்ட்பேப்பரால் அதைக் கீறக் கீற, தன் அலுமாரியையே யாரோ கீறுவதுபோல் முகம் சுளித்தார்.

"இன்னும் கீறுங்க அண்ணன்," என்றார் பக்கத்தில் நின்ற நல்லரத்தினம். "மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வாற பலகை இல்ல இது."

சனிக்கிழமை வாவியில் வெள்ளோட்டம். யாரும் அழைக்காமலே, நீந்தத் தெரியாத ஹெக்டர் ஏறிப் பின்பலகையில் உள்ளங்கையை அழுத்தி உட்கார்ந்தார். வள்ளம் ஒரு சுற்றுச் சுற்றியும் கை எழும்பவில்லை.

"கையை எடுங்க அண்ணன்," என்றார் எஞ்சினைப் பிடித்திருந்த நல்லரத்தினம். " நீங்க பிடிச்சாத்தான் நிக்குமெண்டா, திங்களில இருந்து நீங்களும் கடலுக்கு வரோணும்."

ஹெக்டர் கையை எடுத்து, நகர்ந்து நடுப்பலகையில் உட்கார்ந்தார். நல்லரத்தினம் எஞ்சினை முழு வேகத்துக்கு முறுக்கினார். வள்ளம் மூக்கைத் தூக்கிப் பாய்ந்தது. ஹெக்டர் மல்லாந்து விழுந்தார், பின்பலகை அசையவில்லை.