கேக்கின் மேல் இசக்கி

தங்கையின் ஐந்தாவது பிறந்தநாள் ஒரு சனிக்கிழமை வந்தது என்று அம்மா இன்றும் சாதிப்பாள். அது செவ்வாய்க்கிழமை. என்னிடம் இரண்டு ஆதாரங்கள் உண்டு. ஐப்பசி மழைக்காக அன்று எங்கள் பள்ளிக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். சனிக்கிழமைக்கு எங்கள் பள்ளியில் மழை விடுமுறை தேவைப்பட்டதில்லை. இரண்டாவது ஆதாரம் அத்தை சொன்ன ஒரு வாக்கியம். அது அதன் இடத்தில் வரும்.

நான் அப்போது ஆறாம் வகுப்பு. அம்மாவின் தங்கையான சித்தி எங்கள் வீட்டில் தங்கி, கைபேசியில் வீடியோ பார்த்துக் கேக் செய்யப் பழகிக்கொண்டிருந்தாள். அப்பாவின் அக்காவான அத்தையின் மகளுக்குத் தை மாதம் கல்யாணம். வரவேற்பில் வெட்டும் கேக்கைத் தன்னிடம் தருவார்களா என்பதுதான் சித்திக்கு அந்த மாதம் முழுவதும் கவலை. அத்தையோ, "படிச்சிட்டு இருக்கவகிட்ட கல்யாண கேக்க குடுக்க முடியுமா? மொதல்ல ஒண்ணு செஞ்சு காட்டட்டு, பாப்போம்" என்று சொல்லிவிட்டாள். அந்த ஒன்று, தங்கையின் பிறந்தநாள் கேக்.

தங்கை கேட்டது அவளுடைய படக்கதைப் புத்தகத்தில் இருந்த தேவதையை. காட்டில் ஒரு பெரிய மரத்தடியில், அங்கே கிடந்த குழந்தையைக் கையில் ஏந்தி நிற்கும் தேவதை. சித்தி மூன்று கேக்குகளை அடுக்கி, கத்தியால் செதுக்கி அடிமரமாக்கினாள். சாக்லேட் பூசி, முள்கரண்டியால் கீறிப் பட்டை வரைந்தாள். தேவதையைச் சர்க்கரை மாவு பிசைந்து செய்தாள். பாவாடைக்கு ரோஜா நிறம் வேண்டுமென்று விட்ட சாயம் இரண்டு சொட்டு கூடி, செக்கச்செவேல் என்று ஆகிவிட்டது. நீலச் சிறகுகள்தான் அவளைப் பாடாய்ப் படுத்தின. மழை ஈரத்தில் காயவே இல்லை. ஃபிரிட்ஜின் பின்பக்கச் சூட்டில் இரண்டு நாள் வைத்துக் காயவைத்தாள்.

மத்தியானம் எல்லாவற்றையும் பொருத்திவிட்டுக் குளிக்கப் போகும்போது, "ஈ வராம பாத்துக்க மக்கா. கை மட்டும் வச்சிராத" என்றாள். முதல் பாதியை ஒழுங்காகச் செய்தேன். பிறகு, சிறகு அசையுமா என்று ஒரே ஒரு விரலால் தொட்டேன். ஒன்று முறிந்து விழுந்தது. அதை ஒட்டப் போனதில் மற்றதும் விழுந்தது. ஒளித்துவைக்க வேறு இடம் தோன்றாமல் இரண்டையும் தின்றுவிட்டேன். தேவதையின் முதுகில் இரண்டு ஓட்டைகள் தெரிந்தன. கிண்ணத்தில் மிச்சமிருந்த சாக்லேட்டை வழித்து, கொண்டையிலிருந்து இடுப்புவரை முடியை அவிழ்த்துவிட்டதுபோல் பூசி மூடினேன்.

நாலரை மணிக்கு அத்தை வந்தாள். மேசையைப் பார்த்ததும் நின்ற இடத்திலேயே கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"எம்மா, இசக்கியில்லா நிக்கா! செவ்வாக்கெழமையும் அதுவுமா!"

மரத்தடி, சிவப்பு உடுப்பு, அவிழ்ந்த கூந்தல், கையில் பிள்ளை. எங்கள் ஊர் எல்லையில் இருக்கும் இசக்கியம்மனுக்கும் இவ்வளவுதான் அடையாளம்.

"அது தேவதையாக்கும் மைனி. இங்கிலீஷ் கதையில உள்ளது" என்றாள் அம்மா.

"தேவதைக்கு செறகு எங்கட்டி?"

அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சித்தி மேசையைச் சுற்றிப் பின்பக்கம் போய்ப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அருகில் வந்து, துப்பட்டா நுனியால் என் வாயை அழுத்தித் துடைத்தாள். துணியில் நீலம் படிந்தது.

"செறகு வைக்கல மைனி. முடிய விரிச்சு விட்டா அழகா இருக்கும்னு எனக்குத்தான் தோணிச்சு."

"நல்லா தோணிச்சு போ! இசக்கி நிக்க மரத்துல கத்தி வைக்கவா? கல்யாண மண்டபத்துலயும் இப்பிடி எதையாம் கொண்டு நிறுத்திருவ போல இருக்கே!"

சித்தியின் முகம் சுருங்கிப்போனது. இந்த வாதங்களில் அக்கறையில்லாத தங்கை, "எனக்கு கேக்கு வெட்டணும்" என்று அழத் தொடங்கினாள்.

அத்தை யோசித்தாள். விளக்கேற்றச் சொன்னாள். ஒரு தட்டில் வெற்றிலை பரப்பி, "தாயே, சின்னப்பிள்ள காரியம், பொறுத்துக்க. கொஞ்சம் எறங்கி நில்லு" என்று கேட்டுக்கொண்டு, தேவதையை இரண்டு கையாலும் தூக்கிச் சாமி அறையில் வைத்தாள். தங்கை வெறும் மரத்தை வெட்டினாள்.

முதல் துண்டைச் சந்தேகத்தோடு தின்ற அத்தை, கேட்காமலே இரண்டாவதை எடுத்தாள். மூன்றாவதில், "மரம் நல்ல பதமாத்தான் இருக்கு. கல்யாணத்துக்கு பொம்ம கிம்ம ஒண்ணும் வேண்டாம், வெறும் பூ மதி, அது போதும், கேட்டியா" என்றாள். சித்தி சுவரில் சாய்ந்து மூச்சுவிட்டாள். பிறகு சிரித்தாள், நிறுத்த முடியாமல் சிரித்தாள்.

எனக்கு அவளைவிடப் பெரிய நிம்மதி. சாமி அறைக்குப் போய், சித்தியின் நினைவிலிருந்து சிறகுகளை அழித்ததற்காக இசக்கிக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தேன். புதன்கிழமை பள்ளியில் பக்கத்து இருக்கைக்காரியிடம், எங்கள் சித்திக்குக் கேக் நன்றாக வரும், ஆனால் மறதி ரொம்ப அதிகம், இரண்டு நாள் காயவைத்த சிறகையே மறந்துவிட்டாள் என்று சொல்லிச் சிரித்தேன்.