மொசைக் உடைத்த ஞாயிற்றுக்கிழமை

எங்கள் வீட்டில் மொசைக் என்றால் தரை. ஆயர் ஈத்தாம் அடுக்குமாடி வீட்டில் குளியலறையில் வழுக்கினால்கூட "மொசைக்ல விழுந்துட்டேன்" என்றுதான் அழுவோம். என் தாய்மாமாவுக்கு அதைப் பதிப்பதுதான் தொழில். பள்ளியிலோ, வண்ணத்தாளைக் கிழித்து ஒட்டி மீன் செய்தால் அது மொசைக். இந்த இரண்டும் போதாதென்று ஐந்தாம் ஆண்டில் வந்த டீச்சர், அசல் மொசைக் என்பது கல்லையும் ஓட்டையும் துண்டு துண்டாகப் பதித்துச் செய்யும் சித்திரம் என்றார். கிரேக்கர்கள் கலைகளுக்கென்று வைத்திருந்த தேவதைகளின் பெயரிலிருந்து பிறந்து, லத்தீன், இத்தாலியம் என்று ஊர் சுற்றிவிட்டு எங்கள் குளியலறைக்கு வந்து சேர்ந்த சொல்லாம் அது. மோசஸ் என்ற தீர்க்கதரிசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, குழப்பிக்கொள்ளாதீர்கள் என்றும் சொன்னார். அவர் சொல்லும்வரை யாரும் குழம்பவில்லை. திங்கட்கிழமை ஆளுக்கொரு மொசைக் செய்து வந்து, அந்தச் சொல்லின் கதையையும் வகுப்பின் முன் சொல்ல வேண்டும்.

அப்போது அம்மாவுக்கு எட்டாம் மாதம். எங்களோடு இருந்த அத்தை, அப்பாவின் அக்கா, வீட்டில் 'பந்தாங்' போட்டிருந்தார். பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டில் ஆணி அடிக்கக்கூடாது, சுத்தியலைத் தொடக்கூடாது, எதையும் தட்டி உடைக்கக்கூடாது. மீறினால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது. சுவர்க் கடிகாரம் ஆணியோடு பிடுங்கிக்கொண்டு விழுந்தபோது அப்பா அதை அரிசி டின்மேல் சாய்த்து வைத்தார். அன்றிலிருந்து நாங்கள் குனிந்துதான் மணி பார்த்தோம். சுத்தியலை அத்தை மாமாவின் வேனில் ஏற்றி அனுப்பியேவிட்டார்.

மற்றவர்கள் தாள் ஒட்டட்டும், நான் மட்டும் அசல் மொசைக் கொண்டுபோக வேண்டும் என்று எனக்குப் பேராசை. மாமா மிச்சம் வைத்துப்போன நீல ஓடு இரண்டு கட்டிலுக்கடியில் கிடந்தன. உடைக்கத்தான் சுத்தியல் இல்லை. சரி, இஞ்சி இடிக்கும் கல்லுலக்கை சுத்தியலா? இல்லையே! அத்தையே அதை வைத்துத் தினம் இடிக்கிறாரே! இப்படியெல்லாம் வாதாட எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஞாயிறு காலை அப்பாவும் அத்தையும் பாசாருக்குக் காய்கறி வாங்கப் போனதும், ஓட்டைப் பழைய துண்டில் சுற்றிக் குளியலறைத் தரையில் வைத்து ஓங்கி ஒரு போடு போட்டேன்.

"என்னம்மா சத்தம்?" அறையிலிருந்து அம்மாவின் தூக்கக் குரல்.

"இஞ்சி இடிக்கிறேம்மா, டீக்கு!"

சொல்லிவிட்டு இன்னும் நாலு போடு போட்டேன். பொய்க்குக் காவலாக, நிஜமாகவே இஞ்சி இடித்து டீயும் போட்டுக் கொடுத்தேன். அம்மா நல்லா இருக்கு என்று குடித்தார்.

சாயங்காலம் அத்தை அலறினார். "அலாமா, பனிக்குடம் உடைஞ்சிருச்சு!" அந்த 'உடைஞ்சிருச்சு' காதில் விழுந்ததும் மீதி ஓட்டுத் துண்டுகளைக் கட்டிலுக்கடியில் தள்ளினேன். மாமாவின் வேன் வந்தது. அம்மாவையும் அப்பாவையும் ஏற்றிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் பறந்தது. அத்தை என் பக்கம் திரும்பினார்.

"வீட்ல எதையாச்சும் தட்டினியா? உண்மைய சொல்லு!"

"இல்லத்த."

"அப்போ மேல்வீட்டுக்காரிதான். நேத்து டிரில் போட்டாளே!"

அத்தை படியேறிப்போய் மேல்வீட்டுச் சீன ஆன்ட்டியோடு பாதித் தமிழ், பாதி மலாயில் சண்டை போட்டார். அந்த அம்மாள் ஒன்றும் புரியாமல் "சோரி, சோரி" என்றது கீழே எங்கள் வாசல்வரை கேட்டது. நான் கீழேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். பாவி நான்.

விடிவதற்குள் தம்பி பிறந்துவிட்டான். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள், இப்போதைக்கு எதுவும் சொல்ல முடியாது என்று அப்பா போனில் சொன்னார். வகுப்பில் நீல ஓட்டு மீனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தேவதைகள் கதையைக் கடகடவென்று ஒப்பித்தேன். டீச்சருக்கு ஒரே மகிழ்ச்சி. "இதை எப்படிம்மா உடைச்ச?" என்று கேட்டார். அவ்வளவுதான், ஓவென்று அழுதுவிட்டேன். கையை வெட்டிக்கொண்டேனோ என்று என் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு முழு மதிப்பெண் போட்டார்.

அன்று மாலை ஆஸ்பத்திரியில் அப்பா காப்பி வாங்கப் போன நேரம் பார்த்து அம்மாவின் காதருகே போனேன்.

"அம்மா, நேத்து நான் இடிச்சது இஞ்சி இல்லம்மா. மொசைக்."

அம்மா திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் என் மணிக்கட்டை வலிக்கும்படி பிடித்தார்.

"யார்கிட்டயாச்சும் சொன்னியா?"

"இல்லம்மா."

"சொல்லாத. அப்பாகிட்ட, அத்தைகிட்ட, ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடக்கூடாது. கேக்குதா?"

கேட்டது. அப்படியென்றால் செய்தது நான்தான், அம்மாவே உறுதிப்படுத்திவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன். மூன்று வாரம் கழித்துத் தம்பி வீட்டுக்கு வந்தான். அதன் பிறகும் அவனுக்குச் சளி பிடித்தாலும் நான், பல் முளைக்கத் தாமதமானாலும் நான். கணக்கில் அவன் தோற்றுச் சிவப்பு மார்க் வாங்கிய வருடம்கூட அவனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. இன்று அவன் என்னைவிட ஒரு முழம் உயரம், செபராங் ஜெயாவில் வேலை பார்க்கிறான்.

நான் முதல் பிள்ளை உண்டாகியிருந்தபோது அத்தை என் கையிலிருந்த கத்திரிக்கோலைப் பிடுங்கினார். "உங்கம்மா இப்படித்தான். உனக்கப்புறம் ஒன்னு தங்காமப் போச்சு, தெரியுமா? சொல்லச் சொல்லக் கேக்காம தையல் மிஷின்ல உக்காந்து துணி வெட்டிக்கிட்டே இருந்தா. பிள்ளைய முழுங்கிட்டா." அம்மா அதே அறையில்தான் இருந்தார். தலை நிமிரவில்லை. அந்தப் பேச்சை எத்தனையோ தடவை கேட்டுப் பழகிய முகம் அது.

பத்துப் பதினோரு வயதில் எனக்கு இது எங்கே தெரிந்தது? என் குற்றத்தை மறைக்கிறார் என்றே அத்தனை வருடமும் நினைத்திருந்தேன். அந்தப் பேச்சு என்மேல் விழாமல் இருக்கத்தான் அம்மா அன்று என் மணிக்கட்டை அப்படிப் பிடித்திருக்கிறார்.