தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் போன கடை

பவுனம்மாள் தன் வாழ்நாளில் ஒரு மிடறு கள்ளைக்கூட வாயில் வைத்ததில்லை. ஆனால் பிரிக்பீல்ட்ஸில் கள்ளுக்கடை எங்கெங்கே இடம் மாறியதோ, அங்கெல்லாம் அவள் பிழைப்பும் பின்னாலேயே போனது.

அவள் கப்பலேறி வந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதிமூன்றில். பதினெட்டு வயது. புருஷன் கன்னையா எஞ்சின் கொட்டகையில் கரி அள்ளிப் போடும் ஆள். விடிவதற்கு முன் போனால் சாயங்காலம் கண்ணின் வெள்ளை மட்டும் தெரிகிற மாதிரித் திரும்பி வருவார். திரும்புவது வீட்டுக்கு அல்ல. செங்கல் சூளைகளுக்குப் பின்னால் தவுக்கே என்று கூப்பிடுகிற ஒரு சீன முதலாளி குத்தகைக்கு எடுத்து நடத்திய கள்ளுக்கடைக்கு. அத்தாப்பு ஓலைக் கூரை, இரண்டு பலகை பெஞ்சு, மரப் பீப்பாய் ஒன்று. அவ்வளவுதான் கடை. பீப்பாய் காலியாகும் வரை வியாபாரம் நடக்கும்.

"தொண்டைக்குள்ள கரி உக்காந்திருக்கு புள்ள. தண்ணி குடிச்சா இறங்க மாட்டேங்குது" என்பார் கன்னையா. அவர் அடிக்கிறவர் அல்ல. குடித்துவிட்டுக் கத்துகிறவரும் அல்ல. குடித்தால் பேச்சே நின்றுபோகும். சுவரைத் தடவிக்கொண்டு வந்து படுத்துவிடுவார். அதனால் ரயில்வே கொடுத்த லயத்து வரிசை வீடுகளில் மற்றப் பெண்கள், "உனக்கென்னடி குறை?" என்று பவுனம்மாளைக் கேட்பார்கள். அவளும் தனக்குக் குறை எதுவும் இல்லை என்றுதான் நினைத்திருந்தாள்.

ஒரு நாள் ஆக்கி வைத்த சோறு ஆறிப்போகிறதே என்று சட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்கே போனாள். காய்ந்த மிளகாயும் வெங்காயமும் போட்டு வறுத்த நெத்திலி. கன்னையா இரண்டு வாய் சாப்பிடுவதற்குள் பக்கத்தில் இருந்தவர் கை நீட்டினார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவரும் நீட்டினார். சட்டி காலியானது. மறுநாள் அந்த இரண்டாவது ஆள் லயத்து வாசலில் வந்து நின்று, "தங்கச்சி, இன்னைக்கும் நெத்திலி வறுப்பியா? சும்மா வேணாம், காசு தரேன்" என்றார்.

அப்படி ஆரம்பித்ததுதான். கொஞ்ச நாளில் கொண்டைக்கடலை, பிறகு ஆட்டு ரத்தப் பொரியல். வயிற்றில் வள்ளியம்மாவைச் சுமந்துகொண்டும் அவள் அந்தச் சூளைப் பாதையில் நடந்தாள். வள்ளியம்மாவுக்குப் பிறகு பிறந்த ஆண்பிள்ளை நாற்பது நாளில் காய்ச்சலில் போன பிறகும் நடந்தாள். எட்டாம் நாளே சட்டியோடு வந்து நின்றவளைப் பார்த்து, பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து இடம் விட்டார்கள். அன்று யாரும் காரம் போதாது என்று சொல்லவில்லை.

இருபதாம் ஆண்டு வாக்கில் குத்தகை போய்விட்டது. கவுர்மெண்டே கடையை எடுத்து நடத்தப் போகிறது என்றார்கள். தவுக்கேயின் கொட்டகையைப் பிரித்துப் போட்டார்கள். புதுக் கடை ரயில்வே லயத்தின் கடைசி வீட்டுக்குப் பக்கத்தில் வந்தது. தகரக் கூரை, சிமெண்டுத் தரை, சுற்றிலும் கம்பி வலை. திறக்க ஒரு நேரம், மூட ஒரு நேரம். மூடுவதற்கு முன் மணி அடிப்பார்கள். கள்ளை வெளியே கொண்டுபோகக் கூடாது, தீனி விற்கிறவர்கள் உள்ளே வரக் கூடாது. பவுனம்மாள் வலைக்கு வெளியே மண்ணெண்ணெய்த் தகரத்தில் செய்த அடுப்பை வைத்துக்கொண்டாள். வலையில் ஒரு இடத்தில் கம்பி விலகியிருந்தது. அதன் வழியாக வாழையிலைப் பொட்டலத்தை நீட்டுவாள். உள்ளிருந்து கறுத்த கைகள் வந்து வாங்கிக்கொள்ளும். முகம் பார்க்காமலே யார் கை என்று அவளுக்குத் தெரியும்.

அந்தக் கடை இருந்த எட்டு வருஷமும் அவளுக்கு நல்ல காலம்தான். அடுப்படியிலிருந்து கடைக்கு முப்பது அடி. கன்னையா எவ்வளவு குடித்தாலும் அந்த முப்பது அடியைக் கடந்தால் வீடு. மழை, இருட்டு, பாம்பு எதற்கும் பயப்பட வேண்டியதில்லை.

ஆனால் தெரு மாறிக்கொண்டே வந்தது. ஆபீஸ் குமாஸ்தாக்களான கிராணிமார்களுக்கு வரிசையாகக் கல்வீடு கட்டினார்கள். பள்ளிக்கூடம் ஒன்று வந்தது. காலையில் வெள்ளைச் சட்டை போட்ட பிள்ளைகள் நடந்து போகிற கால்வாய் ஓரத்தில், முந்தின நாள் விழுந்தவன் இன்னும் எழுந்திருக்காமல் கிடப்பான். கிராணி வீட்டுப் பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிப் போவார்கள். பவுனம்மாளையும் அதே பார்வைதான் பார்ப்பார்கள்.

இருபத்தெட்டாம் வருஷம், ஒரு சம்பளச் சனிக்கிழமை. கடைக்குள் கூட்டம் நெரிந்தது. ரோட்டு வேலை ஆட்கள் இரண்டு கோஷ்டியாகப் பிரிந்து ஏதோ சண்டை. கடைக்காரர்கள் ஒருவனைப் பிடித்து வெளியே தள்ளினார்கள். தள்ளின வேகத்தில் அவன் நேரே பவுனம்மாளின் அடுப்பின் மேல் போய் விழுந்தான். வாணலி சரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்து இலை கிழித்துக்கொண்டிருந்த வள்ளியம்மாவின் இடது காலில் கொதிக்கிற எண்ணெய் முழங்காலிலிருந்து பாதம் வரை கொட்டியது. அவளுக்குப் பன்னிரண்டு வயது.

ரிக்‌ஷாவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நாற்பத்திரண்டு நாள் கிடந்தாள். பிறகும் கட்டு மாற்றக் கன்னையா தினமும் மகளை முதுகில் சுமந்துகொண்டு போனார். கால் ஆறியது. ஆனால் தோல் இழுத்துக்கொண்டு பாதம் உள்பக்கமாக வளைந்தது. அது நடந்த நாளிலிருந்து பதினோரு நாள் கன்னையா கடைப் பக்கம் தலை காட்டவில்லை. பன்னிரண்டாம் நாள் வேலை முடிந்து வந்து வாசலில் கொஞ்ச நேரம் நின்றார்.

"தொண்டை எரியுது பவுனு."

அவர் போனார். வலைக்கு வெளியே அடுப்பு இல்லாத அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே குடித்தார் என்று பிறகு யாரோ சொன்னார்கள்.

வள்ளியம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பின மாதம்தான் சபாபதி வந்தார். ரயில் ஆபீஸ் கிராணி. கண்ணாடி போட்டவர், நல்ல மனிதர். கையில் ஒரு நீளக் காகிதம்.

"பவுனம்மா, கள்ளுக்கடையை இங்கிருந்து எடுத்துவிடச் சொல்லி மேலிடத்துக்கு மனு எழுதியிருக்கிறோம். நூற்றுக்கு மேல் கையெழுத்து ஆகிவிட்டது. உங்கள் பிள்ளைக்கு நடந்ததையும் எழுதியிருக்கிறேன். நீங்களும் கைநாட்டு வைத்தால் அதற்கு ஒரு மதிப்பு இருக்கும்."

"எடுத்துடுவாங்களா ஐயா?"

"கட்டாயம் எடுத்துவிடுவார்கள்."

பக்கத்து வீட்டு மகதலேனா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் குடித்தே இறந்தவன். "வைடி பவுனு. உன் பொழப்பு போனா போகுது. துணி தொவைச்சுச் சாப்பிடலாம்" என்றாள்.

பவுனம்மாள் உள்ளே திரும்பிப் பார்த்தாள். பாயில் வள்ளியம்மா காலை நீட்டிப் படுத்திருந்தாள். கடையே இல்லாமல் போனால் இவர் எங்கே போய்க் குடிப்பார்? சம்பளம் வீட்டுக்கு வரும். தொண்டைக் கரி தண்ணீரிலேயே இறங்கப் பழகிக்கொள்ளும். அவள் பெருவிரலை மையில் அமுக்கிக் காகிதத்தில் வைத்தாள். கன்னையாவிடம் சொல்லவில்லை.

ஏழெட்டு மாதம் கழித்துக் கடையை எடுத்தார்கள். தகரத்தைக் கழற்றி லோரியில் ஏற்றினார்கள். கிராணி வீட்டுப் பிள்ளைகள் வேலியில் ஏறி நின்று வேடிக்கை பார்த்தார்கள். பவுனம்மாளுக்கு அன்று சோறு இறங்கியது. மறுவாரம்தான் தெரிந்தது, அதே தகரத்தை ரயில் யார்டுக்கு அந்தப் பக்கம், ஆற்றங்கரை மேட்டில் மாட்டியிருக்கிறார்கள் என்று.

ரோட்டு வழியாகப் பாலம் சுற்றிப் போனால் அரைமணி நேரம். யார்டுக்குள் குறுக்கே நடந்தால் ஐந்து நிமிஷம். மூடுகிற மணி அடிப்பதற்குள் இரண்டு குவளையாவது குடிக்க வேண்டுமே. பாலத்தைச் சுற்ற யாருக்குப் பொறுமை?

"பதினாலு தண்டவாளம் தாண்டணும்," என்று கன்னையா சிரித்தார். "யாரோ புண்ணியவானுங்க மனு போட்டாங்களாம். எனக்கென்ன, அந்த யார்டு என் கைரேகை மாதிரி."

பவுனம்மாளின் கை அப்போது அரிசி களைந்துகொண்டிருந்தது. அவள் நிமிரவில்லை.

"சுத்தியே போங்க."

"சுத்திப் போனா மணி அடிச்சுருவான் புள்ள."

அவள் புதுக் கடைக்கு வியாபாரத்துக்குப் போகவில்லை. மகதலேனாவோடு சேர்ந்து கிராணி வீடுகளில் துணி வாங்கித் துவைத்தாள். சாயங்காலமானால் லயத்துப் பின்புறம் போய் நிற்பாள். ஆட்கள் பெட்டிகளுக்கு இடையில் நுழைந்து நுழைந்து வருவது தெரியும். தலையைக் குனிந்து நடக்கிற அந்த ஒரு உருவம் கடைசித் தண்டவாளத்தைத் தாண்டியதும் உள்ளே வந்து அடுப்பை ஊதுவாள். இப்படி ஐந்து மாதம்.

நவம்பர் மாதம், மாலையிலேயே பெருமழை. நாலு அடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. அவள் கோணிச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு பின்புறம் நின்றாள். யார்டில் பெட்டிகளைப் பிரித்துச் சேர்க்கும்போது எஞ்சின் ஒரு இடி இடித்து விட்டுவிடும். பெட்டி தானாக உருண்டு வந்து மற்றதோடு சேரும். எஞ்சினுக்குச் சத்தம் உண்டு. அப்படி உருண்டு வரும் பெட்டிக்குச் சத்தம் கிடையாது. மழையில் சுத்தமாகக் கிடையாது.

யார்டு மேஸ்திரியான மண்டோர் ஒருவர் லாந்தரோடு வந்தார். "கன்னையா சம்சாரம் யாரு?" என்றார். அவள் யார் என்று அவருக்குத் தெரியும். இருந்தாலும் கேட்டார்.

பார்க்க வேண்டாம் என்று சொன்னார்கள். அவள் பார்த்தாள்.

நஷ்டஈடு கிடையாது என்று பதில் வந்தது. வேலை நேரத்தில் சாகவில்லை, போகக் கூடாத இடத்தில் போனவர், மேலும் குடித்திருந்தவர். மாத முடிவுக்குள் லயத்து வீட்டையும் காலி செய்ய வேண்டும். அந்தக் கடிதத்தை வாசித்துச் சொன்னவர் சபாபதி. வாசித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டார்.

"நானும் கைநாட்டு வச்சேன் ஐயா" என்றாள் பவுனம்மாள்.

"தெரியும்மா."

"மூடிடுவாங்கன்னு நெனச்சு வச்சேன்."

"மூடச் சொல்லி எழுதினால் மதிக்கவே மாட்டார்கள் என்று எல்லாரும் சொன்னார்கள். அதனால்தான் இங்கிருந்து எடுத்தால் போதும் என்று எழுதினோம். அங்கே கொண்டுபோய் வைப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்? நல்லதுக்குத்தான் செய்தோம்."

"ஆமாய்யா. நம்ம தெரு இப்ப நல்லாத்தான் இருக்கு."

அவள் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. உண்மையாகவே தெரு நன்றாக இருந்தது. சபாபதிக்கு அதுதான் தாங்கவில்லை. யார்டுக்கு மேல் ஒரு நடைபாலம் கட்டச் சொல்லி மறுவாரமே இன்னொரு மனு எழுதிக்கொண்டு வந்தார். அவள் ஒவ்வொரு சொல்லாகப் படிக்கச் சொல்லி, அர்த்தம் கேட்டு, பிறகே விரலை வைத்தாள். அந்த மனுவுக்குப் பதிலே வரவில்லை. அடுத்த வருஷத்துக்குள் இன்னும் இரண்டு பேர் அதே இடத்தில் செத்தார்கள்.

மகதலேனா தன் அறையில் பாதியை ஒழித்துக் கொடுத்தாள். உலகமெங்கும் வியாபாரம் படுத்துவிட்டது என்று பேசிக்கொண்ட காலம் அது. ரப்பருக்கு விலை இல்லை. ஆட்களைக் குறைத்தார்கள், கிராணிமார்களுக்கே சம்பளத்தை வெட்டினார்கள். துவைக்கத் துணி கொடுத்த வீடுகள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்தின. கூட்டங்கூட்டமாக ஆட்கள் ஊருக்குக் கப்பலேறினார்கள். பவுனம்மாளுக்கு அங்கே போய் நிற்க ஒரு வாசல் இல்லை.

ஒரு நாள் அவள் பரணிலிருந்த வாணலியை இறக்கிச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். வள்ளியம்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்கயா போற?"

"வேற எங்க போறது?"

"அப்பா செத்த எடத்தத் தாண்டியா போவ?"

"பாலத்தச் சுத்திப் போறேன்."

வள்ளியம்மா அன்று முதல் அம்மாவோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். அம்மா கொண்டுவந்த காசில் வாங்கின அரிசியைச் சாப்பிட்டாள், ஆனால் தட்டைப் பார்த்தே சாப்பிட்டாள்.

மூன்றாவது கடையின் வலைக்கு வெளியே பவுனம்மாள் மூன்று வருஷம் உட்கார்ந்தாள். வலையில் நீள்கிற கைகள் குறைந்துகொண்டே போயின. கள்ளுக்குக் காசில்லாதவர்கள் கம்பத்துக் குடிசைகளுக்குப் பின்னால் புதரில் திருட்டுத்தனமாகக் காய்ச்சின சம்சு சாராயத்தைக் குடித்தார்கள். அதைக் குடித்துக் கண் போன இரண்டு பேர் வலையைத் தடவிக்கொண்டு வந்து நிற்பார்கள். அவர்களுக்குக் கடலையைச் சும்மாவே கொடுப்பாள். மணி அடித்ததும் யார்டு பக்கம் திரும்புகிறவர்களிடம், "பாலத்தால போங்கண்ணே, அண்ணே, பாலத்தால போங்க" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். சிலர் போவார்கள். பெரும்பாலும் போக மாட்டார்கள். "இந்தம்மாவுக்கு வேற வேலையில்ல லா" என்று சொல்லிவிட்டுத் தண்டவாளத்தில் இறங்குவார்கள்.

முப்பத்துமூன்றில் மகதலேனாவே அலைந்து வள்ளியம்மாவுக்கு ஒரு மாப்பிள்ளை பார்த்தாள். போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் பழனியப்பன். காலைப் பார்த்தும் சரி என்றவன். கல்யாணமான அடுத்த வருஷம் வள்ளியம்மா அம்மாவைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த கிள்ளானுக்கு அழைத்துக்கொண்டாள். பிள்ளைப்பேற்றுக்குத் துணைக்கு ஆள் வேண்டும் என்றுதான் சொன்னாள். பவுனம்மாள் வாணலியை மகதலேனாவிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள்.

கிள்ளானில் முதல் இரண்டு மாதம் நிம்மதியாக இருந்தது. பழனியப்பன் மரியாதையான பிள்ளை. "அத்தை, அத்தை" என்று வாய் நிறையக் கூப்பிடுவான். மூன்றாவது மாதம் சம்பள நாளில் அவன் நேரம் கழித்து வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வாடை உள்ளே வந்தது. புளித்த, இனித்த வாடை. இருபது வருஷம் அதன் பக்கத்தில் உட்கார்ந்தவளுக்கு எத்தனை குவளை என்றுகூடச் சொல்லத் தெரியும்.

வயிறு தள்ளி நின்ற வள்ளியம்மா புருஷனைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தாள். ஏதாவது சொல்லு என்று கேட்கிற மாதிரி.

பவுனம்மாள் மெல்ல எழுந்தாள். பலகையை எடுத்துப் போட்டாள். தட்டில் சோறு போட்டு, மீன் குழம்பை ஊற்றி, அவன் முன்னால் வைத்தாள்.

"வர்ற வழியில தண்டவாளம் ஏதாச்சும் இருக்கா தம்பி?" என்று கேட்டாள்.

"இல்லையே அத்தை."

"சாப்பிடு" என்றாள்.