‘ரெண்டு கோட்’டின் கட்டைவிரல்

எங்க வீட்டுக்காரருக்குத் தெருவுல ‘ரெண்டு கோட்’னுதான் பேரு. சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிறவர். யார் எவ்வளவு கெஞ்சினாலும், முதல் கோட் நல்லா காயாம ரெண்டாவதுக்கு பிரஷ்ஷைத் தொடமாட்டார். வேலையில அது நல்ல குணம்தான். அதையே வீட்டுக்கும் கொண்டுவந்தா? துடைச்ச தரை, கழுவின தட்டு, என் ஈரத் தலை, எல்லாத்துக்கும் நேரா டேபிள் ஃபேனைத் தூக்கிட்டு வந்துடுவார். இந்த மனுஷனோட குடும்பம் நடத்தி எனக்குச் சளி விட்டதே இல்ல.

பெயிண்ட் டின் மூடி வலது கால் கட்டைவிரலுக்கு அடியில கிழிச்சது அவருக்கே தெரியல. சர்க்கரை. கால்ல பாதி உணர்ச்சி போயிடுச்சு. செருப்புல ரத்தத்தைப் பார்த்துட்டு நான் கேட்டா, “சிவப்பு பெயிண்டா இருக்கும்”னார். அந்த வாரம் பூரா அவர் அடிச்சது வெள்ளை.

புண் ஆறலைன்னா விரலை எடுக்கணும்னு டாக்டர் சொல்லிட்டார். கட்டைவிரல் போனா ஏணிப் படியில கால் நிக்காது. ஏணி ஏறலைன்னா இவருக்குத் தொழிலே இல்ல.

ஆரம்பத்துல அவரே மருந்துக்கடையில வெள்ளை வலைத்துணி வாங்கிக் கட்டிக்கிட்டார். அது காய்ஞ்சு புண்ணோட ஒட்டிக்கிச்சு. பிய்ச்சப்ப புதுசா வந்த சதையும் கூடவே வந்துச்சு. அவர் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார், நான்தான் முகத்தைத் திருப்பிக்கிட்டேன்.

ஆஸ்பத்திரி நர்ஸம்மா எல்லாத்தையும் எடுத்துக் காட்டி விளக்கினாங்க. “சும்மா துணி வேண்டாம்யா. வாசலின் தடவின வலை ஒட்டாது, ஆனா உங்க புண்ணு கசியற கசிவுக்கு அது பத்தாது. இந்த ஸ்பாஞ்ச் மாதிரி இருக்குறது நீரை உறிஞ்சிக்கும், புண்ணையும் காயவிடாது. லேசா ஈரம் இருந்தாத்தான் தோல் சீக்கிரம் மூடும். நான் பிரிக்கிற வரைக்கும் தொடாதீங்க.”

ஈரம்னு கேட்டதுமே அவர் முகம் போன போக்கைப் பார்த்தேன். சரி, இது தேறாதுன்னு அப்பவே தெரிஞ்சு போச்சு.

மறுநாள் காலையில பார்த்தா ஸ்பாஞ்ச் தரையில கிடக்கு, கால் ஸ்டூல் மேல இருக்கு, எதிர்ல ஃபேன் சுத்துது. நர்ஸம்மா திரும்பப் போட்டு விட்டாங்க. திரும்பப் பிரிச்சார். திட்டு யாருக்கு? எனக்கு. “வீட்ல பார்த்துக்கக் கூடாதாம்மா?”ங்கிறாங்க. நான் சமையலைப் பார்ப்பேனா, இவர் காலைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டுக் கிடப்பேனா?

ஒருநாள் அதே ஃபேன் முன்னாடி காலை நீட்டிக்கிட்டு, போன்ல கொத்தனாரைக் கிழிச்சுக்கிட்டு இருந்தார். “பூசின சுவருக்கு ஏன்யா தண்ணி ஊத்தல? சட்டுனு காயவிட்டா வெடிச்சிடாதா? ஈரத்துலதான்யா அது இறுகும். இத்தனை வருஷமா வேலை செய்யற, இதுகூடத் தெரியாதா?”

கரண்டியோட போய் ஃபேனை நிறுத்தினேன். “சுவருக்கு ஒரு நியாயம், உங்க காலுக்கு ஒரு நியாயமா?”

போனை வெச்சார். நான் ஒண்ணு சொன்னா ஒன்பது திருப்பிச் சொல்ற ஆளு, அன்னைக்கு நீட்டின காலை மடக்கிக்கிட்டார். அப்புறம் மெதுவா சொன்னார்:

“காயறதுக்குன்னு மட்டும் பிரிக்கல. அண்ணனுக்கும் இப்படித்தான் மூடிக் கட்டி வெச்சிருந்தாங்க. அவருக்கும் வலிக்கல. பிரிச்சப்ப உள்ள எல்லாம் கறுத்துப் போயிருந்துச்சு. எனக்கும்தான் வலியே இல்லியே. மூடி வெச்சா, உள்ள என்ன ஆகுதுன்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கிறது?”

அவங்க அண்ணன் கால் போன கதை எனக்குத் தெரியாததா? ஆனா இந்த ஃபேனோட அதைச் சேர்த்துப் பார்க்கத் தோணவே இல்ல. கோவமும் வந்துச்சு, அழுகையும் வந்துச்சு. கோவத்தை மட்டும் காட்டினேன். “அதை முதல்லயே சொல்லித் தொலைச்சா என்ன?”

நர்ஸம்மாகிட்ட நானே கேட்டேன், உள்ளே தெரியற மாதிரி ஏதாவது இருக்கான்னு. “இருக்கு, கண்ணாடித் தாள் மாதிரி. கசியற புண்ணுக்கு இப்ப அதைப் போட்டா நீர் உள்ளயே தேங்கிடும். கசிவு அடங்கட்டும். அதுவரைக்கும் நான் பிரிக்கும்போது நல்லா பாருங்க. வீட்ல விரல் நுனி நிறம் மாறுதா, சுத்தி சிவக்குதான்னு மட்டும் பார்த்துக்கங்க.”

நல்ல ஆளுகிட்டதான் நிறத்தைப் பத்திச் சொன்னாங்க. அன்னையிலேர்ந்து என் உயிரை வாங்கினார். அடுப்புல கை வெச்சா ஒரு குரல், குளிக்கப் போனா ஒரு குரல். “வந்து பாரேன், என்ன கலர்?” 

“காலையில இருந்த அதே கலர்.”

“வெளிச்சத்துல வெச்சுப் பாரு.”

ஆனா ஸ்பாஞ்சை மட்டும் தொடல. கசிவு அடங்கினதும் கண்ணாடித் தாளை ஒட்டினாங்க. காலை மடக்கி, என் கைக்கண்ணாடியை அடியில பிடிச்சு, பொழுதன்னைக்கும் அதையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தார். தலை சீவக்கூட எனக்குக் கண்ணாடி கிடைக்கல. கடைசியில தோல் மூடிச்சு. விரலை எடுக்க வேண்டாம்னு டாக்டர் சொன்னப்ப, இவர் டாக்டரைப் பார்க்கல, என்னைப் பார்த்தார்.

நேத்து ஏணி ஏறிட்டு வந்தார். காலைக் கழுவிட்டு, ஸ்டூல் மேல நீட்டி, டேபிள் ஃபேனைத் திருப்பி வெச்சார். திட்டத்தான் போனேன். அஞ்சு விரலும் வரிசையா காத்துல காய்ஞ்சுக்கிட்டு இருந்துச்சு. நானும் பக்கத்துல உட்கார்ந்துட்டேன்.